பாகம் காணாதது

அட்லாண்டிக் பெருங்கடல் இதுவரை ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் ஹெஸ்டர் நான்காரோ போர்த்வேரன் துறைமுகச் சுவரின் முனைக்கு வந்து நின்றதும் அது வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கும். தையல்காரர் நாடாவோடு வரும்போது நாம் நிற்போமே, அப்படி. ஈயக்குண்டு அவர் கையில் இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதில் பறக்கிறது. கயிறு விரலிடுக்கில் ஓடுகிறது, நிற்கிறது. "நாலரை," என்கிறார். "போன வாரமும் நாலரை. ஒழுங்காத்தான் இருக்கே." இது கடலிடம் சொல்வது. பிறகு பத்தடி தள்ளிப் போய் அடுத்த வீச்சு.

துறைமுகத்தில் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று வாராவாரம் அளந்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இதற்கென்று துறைமுக அலுவலகம் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தது. ஹெஸ்டர் அத்தை அதை மறுக்கவில்லை, ஒரு மாதம் கூடவே வைத்திருந்து பார்த்தார். "அது சேத்தோட மேல்தோலைப் பாத்துட்டே கத்துது. குண்டு அடியில போய் உக்காந்துட்டுத்தான் சொல்லும்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது மெஷின் அலுவலகத்து ஜன்னலில் தேநீர்க் கோப்பைகளுக்குத் துணையாக இருக்கிறது.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. கார்ன்வால் கரையில் மூத்தவர்கள் எல்லோரும் அத்தை, மாமாதான். அவரோ எல்லோரையும் 'தங்கம்' என்பார். பாதிரியார் தங்கம், போலீஸ்காரர் தங்கம், மீன்பெட்டியைக் கவிழ்த்த நாயும் தங்கம். திட்டும்போது அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் இனிக்கும். அதிலேயே வரப்போவது என்ன என்று தெரிந்துவிடும்.

ஐம்பத்தெட்டு வயது. ஆறடிக்கு ஒரு விரற்கடைதான் குறைவு. இரண்டு கையையும் விரித்து நின்றால் இந்த நடுவிரலிலிருந்து அந்த நடுவிரல் வரை துல்லியமாக ஆறடி, அதாவது ஒரு பாகம். கடலின் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். மற்றவர்கள் அளவுகோல் வாங்க வேண்டும். இவர் அளவுகோலாகவே பிறந்துவிட்டார். ரிப்பன், திரைச்சீலை, கிறிஸ்துமஸ் மரம், மதுக்கடைக் கிணறு எதையும் விட்டதில்லை. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் எல்லோரும் எடை கேட்பார்கள், இவர் சாண் போட்டுப் பார்ப்பார். சர்ச் விருந்தில் மீன்கடைக் கிளாரன்ஸ் போலிதோ கொண்டுவந்து வைத்த குழம்புச் சட்டிக்குள் ஒருமுறை பின்னல் ஊசியை இறக்கி எடுத்து, "நாலு அங்குலம் குழம்பு, அதுல மீன் அரை அங்குலம். பாத்துப் பாத்துப் போட்டியா, கிளாரன்ஸ்?" என்றார். கிளாரன்ஸ் ஊர்ச்சபைத் தலைவரும்கூட. அன்று அவர் தலைமைப் பதவியை மறந்து இன்னொரு சட்டி கொண்டுவரப் போனார்.

அத்தைக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு: ஃபேதம்லெஸ். பாகம் காணாதது, எத்தனை கை போட்டாலும் அடி தட்டாதது என்று பொருள். ஊரில் அது உப்புக்கு அடுத்தபடியாகப் புழங்குகிறது. கிளாரன்ஸ் தன் மனைவியின் பொறுமையை அப்படித்தான் சொல்வார், முக்கியமாக மனைவி பக்கத்தில் இருக்கும்போது. கோடையில் வருகிறவர்கள் கடலைச் சொல்வார்கள், மூன்றாம் நாள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள். துக்க வீட்டுக்கு அனுப்பும் அட்டைகளில் அது பொன்னெழுத்தில் அச்சாகியே வருகிறது.

யார் சொன்னாலும் அத்தை ஒரே கேள்விதான் கேட்பார். புதிதாக வந்த பாதிரியார் ஆண்டவருடைய இரக்கம் ஃபேதம்லெஸ் என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். இவர் முறை வந்தது.

"கயிறு எவ்வளவு கொண்டுபோனீங்க, தங்கம்?"

பாதிரியார் சிரித்தார். பிறகு யோசித்தார். இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால் 'மிகப் பெரியது' என்று சொல்லிவிட்டு அத்தை உட்காரும் நான்காவது வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்.

ஒருமுறை பேக்கரி வாசலில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அத்தை சொன்னது இது: "அடி இல்லாத இடம்னு ஒண்ணு கிடையாது. கயிறு தீந்துபோனவன் வீட்டுக்குப் போகணும்ல, அதுக்குச் சொல்லிக்கிற வார்த்தை அது."

போன கோடையில் ஒரு பாய்மரப் படகுக்காரர் துறைக்குள் வந்து, நங்கூரத்துக்கு இடம் பார்ப்பதற்காகத் தடித்த சணல் வடத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி இறக்கினார். வடம் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு பாகம் என்று பெருமையோடு அறிவித்தார். அத்தை சுவர் மேல் நின்று, அங்கே நாலுதான் என்றார். அவர் நம்பவில்லை, கையிலிருந்து வடம் இன்னும் இறங்குவதைக் காட்டினார்.

"உங்க கயிறு தண்ணி குடிச்சுக் கனத்துப்போச்சு, தங்கம். இரும்பு எப்பவோ போய்ப் படுத்தாச்சு. இப்ப இறங்குறது கயிறு மட்டும்தான். நீங்க விட விட அது பாட்டுக்குத் தன் கனத்துல போய்க்கிட்டே இருக்கும்."

சுவர் மேலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு வாரம் வைத்துச் சாப்பிடுகிற ஆள் அத்தை. அன்று அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊருக்கு மேலே, முட்புதர்ப் பாதையில் இருபது நிமிடம் ஏறினால் பழைய சிலேட்டுக் கல் குவாரி. வேலை நின்று நூறு வருடமாகித் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் அந்தத் தண்ணீர் அசையாது. கரையில் ஒரு பலகை: அபாயம், அதற்குக் கீழே ஃபேதம்லெஸ். அந்தப் பலகையை அத்தை எதுவும் கேட்டதில்லை. அந்தப் பக்கமே போவதில்லை.

இந்த ஏப்ரலில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிளாரன்ஸ் அதை ஊர்ச்சபைக் கூட்டத்தில் படித்தார். கைவிடப்பட்ட குவாரிகளுக்கெல்லாம் ஒரு வழி செய்யப் போகிறார்களாம். ஆழம் இத்தனை என்று எழுதி அனுப்பினால் கோடையில் முக்குளிப்பவர்களை இறக்கி, அடியில் கிடப்பதையெல்லாம் துழாவி எடுத்துவிட்டு வேலி போடுவார்கள். ஆழம் தெரியாத தண்ணீருக்குள் ஆளை இறக்க மாட்டார்கள். அதைக் கல் கொட்டி மூடிவிடுவார்கள். மாதம் முடிவதற்குள் பதில் போக வேண்டும். படிவத்தில் ஆழத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது.

எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது?

"வேண்டாம் கிளாரன்ஸ்," என்றார் அத்தை. "ஒண்ணும் அளக்க வேண்டாம். அது பாகம் காணாதது."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கிளாரன்ஸ் கடிதத்தை நான்காக மடித்தார், மறுபடி பிரித்தார். "ஆமா," என்றார். "கயிறு பிடிச்சவன் நான்தானே. மூணு சுருளும் போச்சு. எங்கயாவது கயிறு நின்னிருந்தா நான் இறங்கியிருப்பேன், ஹெஸ்டர். உனக்கே தெரியும்." தெரியும் என்று அத்தை தலையசைத்தார். கூடத்தில் இருந்தவர்கள் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது, யாரும் பேசுவதில்லை. நாற்பத்தொரு வருடம் முன்பு, ஒரு மே மாதத்துப் பிற்பகல். ஹெஸ்டரின் அண்ணன் ஜோரி குவாரியின் மேல்விளிம்பிலிருந்து குதித்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினேழு. அதற்கு முன் பலமுறை குதித்திருக்கிறான். அன்று மேலே வரவில்லை. துறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கையில் கிடைத்த கப்பல் வடத்தில் இரும்பைக் கட்டி இறக்கினார்கள். ஆழம் தெரிந்தால் கொக்கி போட்டுத் துழாவலாம் என்று. ஒரு சுருள் தீர்ந்தது, இரண்டாவதை முடிந்தார்கள், மூன்றாவதை முடிந்தார்கள். கடைசி நுனி ஜோரியின் கூட்டாளி கிளாரன்ஸின் கையில் இருந்தது. அதற்கு மேல் கயிறு இல்லை. தொப்பிகளைக் கழற்றினார்கள். பாதிரியாரை வரவழைத்துக் கரையில் நின்றே அடக்கப் பிரார்த்தனை சொல்லி முடித்தார்கள்.

ஹெஸ்டரின் அம்மா அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் இருந்தார். யாராவது ஜோரியைப் பற்றிக் கேட்டால் அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். எவனும் சோம்பி நிற்கவில்லை, எவனும் பயந்து திரும்பவில்லை, அது ஃபேதம்லெஸ், மனிதர் என்ன செய்வார் என்பார். அதன்மேல் தலைவைத்துத்தான் அவர் தூங்கினார். கிளாரன்ஸும் அப்படித்தான்.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும், இதை எழுதுகிறவளுக்கு அத்தையின் மேல் கோபம்தான் வந்தது. பாதிரியாருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா என்று. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர்ப் பேக்கரியில் ரொட்டி அடுக்குகிற பதினேழு வயதுக்காரி. ஊரில் எந்தப் பலகையில் எந்த எழுத்து மாறினாலும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், பெரும்பாலும் சரியாகத்தான் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருந்த நேரத்தில் அத்தையின் கொட்டகையிலிருந்து ஈயக்குண்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டாள். கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. இன்னொரு கையில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட். குவாரியை அளந்து, பலகையில் அந்த வார்த்தையை அடித்துவிட்டுப் பக்கத்தில் எண்ணை எழுதி வைப்பது, திங்கட்கிழமை அத்தையின் முகத்தை எப்படியாவது பார்ப்பது என்று திட்டம்.

தண்ணீரையொட்டி ஒரு கல்திட்டு இருக்கிறது. அதில் நின்று குண்டை விட்டாள். மெல்லிய கயிறு, கனமான குண்டு. கீழே ஊரில் பாடுவது கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணம் முடிவதற்குள் கயிறு நின்றுவிட்டது.

தூக்கி மறுபடி விட்டாள். அங்கேயே நின்றது. நாலடி தள்ளி விட்டுப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. எண்ணிக்கை தவறாமல் இருக்கத் தண்ணீர் தொடும் இடத்தில், கேக் பெட்டி கட்டுகிற நூலில் ஒரு துண்டு பையில் இருந்ததை எடுத்து முடிச்சுப் போட்டாள். மேலே இழுத்துப் பார்த்தாள். கயிற்றில் அத்தை வைத்த அடையாளங்கள் உண்டு: இரண்டில் தோல்வார், ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்பு, பத்தில் ஓட்டை போட்ட தோல். ஓட்டைத் தோலைத் தாண்டி இன்னும் ஒரு பாகம். பதினொன்று.

பெயிண்ட் டப்பாவைத் திறக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினொன்று என்றால் நம் மதுக்கடைக்காரர் கோடையில் நண்டுக்கூடு இறக்குகிற ஆழம். கொக்கிக்கு எட்டுகிற ஆழம். அன்று இரும்பு எப்பவோ போய்ப் படுத்திருக்கிறது. மூன்று சுருள் வடமும் தன் கனத்தில் தானே இறங்கியிருக்கிறது. அவர்கள் விட விட.

அத்தைக்கு இது எத்தனை வருடமாகத் தெரியும்? துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் தடித்த கயிற்றைக் கையில் பிடித்த நாளிலிருந்து தெரிந்திருக்கும். அம்மாவிடம் சொல்லவில்லை. மீன்கடைக்குப் போய் வாரம் இருமுறை கிளாரன்ஸிடம் கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு, அவரிடமும் சொல்லவில்லை. ஊரில் வேறு எவனையும் அந்த வார்த்தையைச் சொல்லவிடாமல் விரட்டிக்கொண்டு, அந்த ஒரு இடத்தில் மட்டும் அதைக் கைவைக்காமல் விட்டிருக்கிறார்.

பெயிண்ட் திரும்பிப் போனது. கயிற்றை ஈரத்தோடு வைத்தால் தெரிந்துவிடும் என்று பேக்கரி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்து, சுருட்டி, இருந்த ஆணியிலேயே மாட்டினாள். அப்படிச் செய்ததில் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மாதத்தின் கடைசி நாளும் அதுதான். அத்தைக்கு வழக்கமாகப் போகும் குங்குமப்பூ பன்னை எடுத்துக்கொண்டு சுவர் முனைக்குப் போனபோது குண்டு பறக்கவில்லை. அத்தை கயிற்றுச் சுருளை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கடல் கயிறுல ரொட்டி வாசனை வருது."

காற்று இந்தப் பக்கமாக அடிக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பற்றி அந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், அவரிடம் முடியாது. அத்தை பன்னை வாங்கிக்கொள்ளவில்லை.

"குவாரிக்குப் போனியா?"

"போனேன் அத்தை." அதற்குப் பிறகு வந்தது, அவள் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே நன்றாகச் சொல்ல ஆசைப்பட்ட பொய். "அடி தட்டவே இல்ல. கயிறு முழுக்கப் போயிருச்சு. நீங்க சொன்னதுதான் சரி."

அத்தை அவளைப் பார்த்தார். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை. தண்ணீரைப் பார்க்கிற மாதிரி. பிறகு கயிற்றைச் சுருள் சுருளாக விரலில் நழுவவிட்டுக்கொண்டே வந்தார். ஓட்டைத் தோலைத் தாண்டியதும் விரல் நின்றது. சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூல். ஊரில் ஒரே கடையில்தான் அந்த நூல் உண்டு.

"அப்ப இந்த நூல் எதைத் தட்டிச்சு, தங்கம்?"

பன்னைச் சுற்றியிருந்த காகிதம் அவள் கையில் கசங்கியது.

எங்கே முடிச்சு இருக்கிறது என்று அத்தைக்கு ஏற்கெனவே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு உதட்டால் தொட்டே அந்தக் கயிற்றைப் படிப்பவர். ஆனாலும் சுருளைக் காலடியில் போட்டுவிட்டு, குண்டின் பக்கத்து நுனியை இடது கையில் எடுத்தார். கையை விரித்தார், கயிறு மார்புக்குக் குறுக்கே இழுபட்டது. விட்டார். மறுபடி பிடித்தார், விரித்தார். அடையாளம் ஒன்றையும் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. வெள்ளைத் துணி போனது, சிவப்புத் துணி போனது. அவசரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் நடுவிரல் நுனிவரை முழுக்க விரித்தார்.

பதினோராவது தடவை அந்த நூல் வலது கை விரலுக்கு வந்தது. கை விரிந்தபடியே இருந்தது.

"கிளாரன்ஸைக் கூட்டிட்டு வா."

என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று அவள் கேட்டாள்.

"அளந்தாச்சுன்னு சொல்லு. அந்தப் படிவத்தையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

மீன்கடைத் திருப்பம் வரை ஓடிவிட்டு அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுவர் முனையில் அத்தை இரண்டு கையையும் இன்னும் இறக்கவில்லை.